ஹூவா, ஹூமா? புரோனவுனில் மட்டும் மதிப்பெண் போகிறது

2023 ஜூன் 11

போட்டித் தேர்வின் ஆங்கிலப் பகுதிக்குப் படிக்கும் ஒரு தம்பி புரோனவுன் (பிரதிப்பெயர்) பற்றிக் கேட்டது: "'தி பாய் ஹூம் ஐ தாட் வாஸ் ஹானஸ்ட் டிசீவ்ட் மீ.' பிழை எந்தப் பகுதியில் என்று கேள்வி. பிழையே இல்லை என்று போட்டேன். விடைக்குறிப்பில் 'ஹூம்' தப்பு என்கிறார்கள். நான் அவனை நினைத்தேன். அவனை என்றால் ஹிம், ஹிம் என்றால் ஹூம். இதில் எங்கே தப்பு? டென்ஸ் வருகிறது, வொக்கேபுலரி வருகிறது, புரோனவுனில் மட்டும் மதிப்பெண் போகிறது."

2023 ஜூன் 11, இரவு

அவனை நினைத்தீர்களா? அவன் நேர்மையானவன் என்று நினைத்தீர்கள். இரண்டும் வேறு.

வினைச்சொற்களை எண்ணுங்கள். தாட், வாஸ், டிசீவ்ட். மூன்று. காலம் காட்டும் ஒவ்வொரு வினைக்கும் ஆங்கிலத்தில் ஒரு எழுவாய் இருந்தாக வேண்டும். தாட்டுக்கு ஐ இருக்கிறது, டிசீவ்டுக்கு பாய் இருக்கிறது. நடுவில் அந்த வாஸ் மட்டும் ஆளில்லாமல் நிற்கிறது. அதற்கு ஆளாக வரக்கூடியது ஹூ. ஹூம் அந்த வேலைக்கு வராது. "ஐ தாட்" என்பதை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: "தி பாய் ஹூ வாஸ் ஹானஸ்ட்." அவ்வளவுதான்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். ஆங்கில எழுத்தில் பார்த்தால் கண் தாவித் தாவிப் போய்விடுகிறது. இப்படி எழுதினால் ஒவ்வொரு சொல்லாக நின்றுதான் தீர வேண்டும்.

2023 ஜூன் 12

காலையில் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். அந்த வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? "நேர்மையானவன் என்று நான் நினைத்த பையன் என்னை ஏமாற்றிவிட்டான்." இதில் ஹூ எங்கே? கிடையாது. 'நினைத்த' என்கிற பெயரெச்சம் அதை விழுங்கிவிட்டது. "நான் பார்த்த பையன்", "என்னைப் பார்த்த பையன்". இரண்டிலும் பையன் அப்படியே பையன்தான். ஆங்கிலத்தில் முதலாவது ஹூம், இரண்டாவது ஹூ. நம் தலைக்குள் அந்தப் பள்ளமே வெட்டப்படவில்லை, தண்ணீர் எப்படி ஓடும்?

ஐந்து முறை போட்டித் தேர்வு எழுதி ஐந்தாவதில் தப்பித்து ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பிள்ளைகளுக்கு வீட்டு மாடியில் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் தப்புப் போட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புரட்டிப் பார்த்தால், புரோனவுன் விஷயத்தில் எல்லாரும் ஒரே இடங்களில்தான் சறுக்கியிருக்கிறார்கள். தமிழ் வேறு மாதிரி செய்கிற இடங்கள் அவை.

2023 ஜூன் 12, மாலை

சுருக்கமாக ஒரு விதி கேட்கிறார்கள். சரி: ஐ தாட், வி பிலீவ், ஹி சேஸ், யூ நோ மாதிரி நடுவில் ஏதாவது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹூ போடுங்கள்.

2023 ஜூன் 15

மேலே சொன்னதில் "கண்ணை மூடிக்கொண்டு" என்பதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒருவர் இதைக் கொண்டுவந்து போட்டார்: "தி பாய் ஹூம் ஐ பிலீவ்ட் டு பி ஹானஸ்ட்." இது சரியான வாக்கியம். இங்கே வாஸ் இல்லை, 'டு பி' இருக்கிறது. அது காலம் காட்டாத வினை, அதற்கு ஹி வேண்டாம், ஹிம் போதும். "ஐ பிலீவ்ட் ஹிம் டு பி ஹானஸ்ட்." ஆக ஹூம்.

விதியை விட்டுவிட்டு வினையை எண்ணும் முதல் நாள் வழிக்கே போங்கள். அதற்கு விதிவிலக்கு இல்லை. விதி சொல்லப்போய் நானே மாட்டிக்கொண்டேன்.

இதே குடும்பத்தில் இன்னொரு வில்லன்: "கிவ் இட் டு ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்." 'டு' வந்துவிட்டதே, அதற்குப் பின்னால் ஹூம்எவர் அல்லவா என்று கை ஓடும். ஆனால் கம்ஸுக்கு ஆள் வேண்டும். ஹூஎவர்தான் சரி. டுவுக்குச் செயப்படுபொருள் 'ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்' என்கிற முழு மூட்டை.

2023 ஜூன் 24

"பிட்வீன் யூ அண்ட் ஐ" பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தப்பு. மீ.

இது எப்படி வருகிறது என்றால், பள்ளிக்கூடத்தில் "மீ அண்ட் மை ஃபிரெண்ட் வென்ட்" என்று சொல்லி அடி வாங்கியிருப்போம். அன்று முதல் மீ என்றாலே கெட்ட வார்த்தை, ஐ என்றால் படித்தவன் வார்த்தை என்று பதிந்துவிட்டது. "லெட் யூ அண்ட் ஐ கோ" என்பதும் இதே கோளாறு. இருவரையும் சேர்த்து ஒரே சொல்லாக்கிப் பாருங்கள். "பிட்வீன் வி" என்பீர்களா, "பிட்வீன் அஸ்" என்பீர்களா? "லெட் வி கோ" என்று யாராவது சொல்வார்களா? அஸ் வந்தால் மீ, வி வந்தால் ஐ.

2023 ஜூலை 2

இனி தேன். குடிக்கிற தேன் இல்லை, ஒப்பிடுகிற தேன்.

நான் 100 ரூபாய் இழந்த கதை இது. "ஹி இஸ் டாலர் தேன் மீ." பிழை இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று போட்டேன். இருக்கிறது, 'தேன் ஐ' என்று வர வேண்டும் என்றது விடைக்குறிப்பு. அப்போது எனக்கு ரத்தம் சூடு. இன்றைய ஆங்கிலத்தில் எல்லாரும் தேன் மீ என்றுதான் பேசுகிறார்கள், பெரிய அகராதிகளே ஏற்றுக்கொள்கின்றன என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, கேள்விக்கு 100 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவித்தேன். விடை மாறவில்லை. 100 ரூபாய்க்கு அன்று நான்கு பேர் டீயும் வடையும் சாப்பிட்டிருக்கலாம்.

ஏன் காதுக்கு 'தேன் மீ' இவ்வளவு இயல்பாக இருக்கிறது? "அவன் என்னைவிட உயரம்." என்னை! தமிழில் 'விட' என்பதற்கு முன்னால் இரண்டாம் வேற்றுமைதான் வரும், 'நான்விட' என்று எவனும் சொல்ல மாட்டான். நாம் மொழிபெயர்த்துக்கூடப் பார்ப்பதில்லை, தானாகவே மீ வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேர்வு கேட்பது மீதி வினையை: தேன் ஐ (ஆம்). அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும் 'ஆம்' என்கிற ஆங்கில வினை கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

சில வாக்கியங்களில் இரண்டும் சரி, பொருள்தான் வேறு. "ஷி லைக்ஸ் யூ மோர் தேன் ஐ" என்றால் எனக்கு உன்னைப் பிடிப்பதைவிட அவளுக்கு அதிகம் பிடிக்கிறது. "மோர் தேன் மீ" என்றால் அவளுக்கு என்னைவிட உன்னைப் பிடிக்கிறது. இரண்டாவதில் என் பாடு கஷ்டம்.

2023 ஜூலை 3

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் "அப்படியானால் தேர்வு கேட்பது பழைய ஆங்கிலமா?" என்கிறார். ஒரு மாதிரி ஆமாம். தேர்வுக்கென்று ஒரு ஆங்கிலம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி மாதிரி. வீட்டில் லுங்கி கட்டுகிறோம் என்பதற்காக முகூர்த்தத்தில் நின்று வாதாட முடியாது. நான் வாதாடினேன், 100 ரூபாய் போச்சு.

2023 ஜூலை 9

ஒரு வரி: மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷனின் பட்டதாரி நிலைத் தேர்வில் முதல் கட்டம் 100 கேள்வி, 60 நிமிடம். கணக்குக்கு நேரம் மிச்சம் வேண்டுமென்றால் இந்த மாதிரிக் கேள்வியில் 20 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. சரியானால் 2, தப்பானால் 0.50 கழிப்பு. எண்ணி எண்ணிப் பார்க்க எங்கே நேரம் என்று கேட்பவர்களுக்கு: வினையை எண்ண 3 விநாடி போதும், பழகினால்.

2023 ஜூலை 30

லீவ் லெட்டர் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. "ஐ அவெய்ல்ட் டூ டேஸ் லீவ்" என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, சிவப்பு மையில் அவெய்ல்டுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி போட்டு மேலே "மைசெல்ஃப் ஆஃப்" என்று எழுதினார். லீவைத் தந்துவிட்டார். ஆனால் அந்தத் தாள் கோப்பில் இன்னும் இருக்கிறது, சிவப்பு மையோடு. அதே மனிதர் அடிக்குறிப்பில் "கைண்ட்லி ரிவர்ட் பேக்" என்று போட்டிருந்தார். ரிவர்ட் என்றாலே திரும்புவது, அதற்கு ஒரு பேக் எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விஷயம் இதுதான். அவெய்ல், அப்சென்ட், பிரைட், என்ஜாய் போன்ற வினைகளுக்குப் பின்னால் செல்ஃப் வர வேண்டிய இடங்கள் இருக்கின்றன. "ஹி அப்சென்டட் ஹிம்செல்ஃப் ஃப்ரம் தி மீட்டிங்." "ஷி பிரைட்ஸ் ஹெர்செல்ஃப் ஆன் ஹெர் ஹேண்ட்ரைட்டிங்." "வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ் அட் தி பார்ட்டி." நாமோ "செமையா என்ஜாய் பண்ணினோம்" என்று பேசியே வளர்ந்தவர்கள். 'பண்ணு' சேர்ந்ததும் அந்தச் சொல் தமிழாகிவிடுகிறது, செல்ஃப் உதிர்ந்துவிடுகிறது. "லீவ் அவெய்ல் பண்ணிட்டேன்" என்பதும் அப்படித்தான்.

என்ஜாய்க்குப் பின்னால் வேறு செயப்படுபொருள் இருந்தால் செல்ஃப் வேண்டாம். "வி என்ஜாய்ட் தி பார்ட்டி" சரி. போன வாரம் மாடியில் ஒரு பெண் இதிலும் அவர்செல்வ்ஸைச் சொருகிவிட்டாள், நான் சொல்லிக்கொடுத்த வேகத்தில்.

2023 ஆகஸ்ட் 6

"ஐ, யூ அண்ட் ஹி" தப்பு, "யூ, ஹி அண்ட் ஐ" சரி. பயிற்சி மையங்களில் 231 என்று எண்ணாகவே மனப்பாடம் செய்ய வைப்பார்கள். முன்னிலை, படர்க்கை, தன்மை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் 123, தன் பெயர் முதலில். இது இலக்கணம் இல்லை, மரியாதை. தமிழில் "நானும் நீயும் போவோம்" என்றால் யாரும் முறைக்க மாட்டார்கள். பிடிக்கிறதோ இல்லையோ 231-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

2023 ஆகஸ்ட் 19

"தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை." இதில் புரோனவுன் எங்கே என்று கேட்கிறார் தம்பி. அது இல்லாததுதான் பிழை. ஊட்டியின் சீதோஷ்ணத்தைச் சென்னை என்கிற ஊரோடு ஒப்பிட்டுவிட்டார்கள். "தேன் தட் ஆஃப் சென்னை" என்று வர வேண்டும். நாம் "ஊட்டி கிளைமேட் சென்னையைவிடக் குளிர்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கேட்பவருக்கும் புரிந்துவிடும்.

பன்மையானால் தோஸ். "தி ரோட்ஸ் ஆஃப் சென்னை ஆர் வைடர் தேன் தோஸ் ஆஃப் மதுரை." தோஸுக்குப் பதில் தட் போட்டு ஏமாற்றுவார்கள். இது இலக்கண உதாரணம் மட்டுமே, மதுரைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் மதுரைதான்.

2023 செப்டம்பர் 3

ஒரு அக்கா கேட்டது நியாயமான கேள்வி: "'எவ்ரிஒன் ஷுட் டூ ஹிஸ் டியூட்டி' என்றால் பெண்களுக்கு டியூட்டி கிடையாதா? நான் தெயர் என்று போட்டேன், தப்பாகிவிட்டது."

தேர்வின் கணக்கு: எவ்ரிஒன், ஈச், நெய்தர் எல்லாம் ஒருமை, அதனால் ஹிஸ். ஈச் ஆஃப் தி கேர்ள்ஸ் என்றால் ஹெர். எழுவாய் ஒன் என்றால் கடைசிவரை ஒன்தான்: "ஒன் ஷுட் கீப் ஒன்ஸ் வேர்ட்." அதில் நடுவே ஹிஸ் வந்தால் நம்மூர்த் தேர்வுகளில் பிழை.

ஹிஸ் எல்லாரையும் குறிக்கும் என்பதற்குச் சட்டமே இருக்கிறது, அக்கா. இந்தியாவின் பொது வாசகங்கள் சட்டம், 1897. அதன் 13-ஆம் பிரிவு ஆண்பாலில் சொன்னால் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. இன்றும் அமலில்தான் இருக்கிறது.

ஆனால் மொழி நகர்ந்துவிட்டது. ஒருவரைக் குறிக்கும் 'தே' ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகவே உண்டு. 2019-இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் 'தே'யைத் தேர்ந்தெடுத்தது. வாழ்க்கையில் தெயர் எழுதுங்கள். விடைகளில் ஹிஸ், தெயர் இரண்டும் இருந்தால் தேர்வில் ஹிஸ் போட்டுவிட்டு வாருங்கள். பட்டு வேட்டி.

2023 செப்டம்பர் 4

தூங்கப் போனபோது தோன்றியது. பன்மைச் சொல்லை ஒருவருக்குச் சொல்வதைப் பார்த்து நாம் வியக்கவே கூடாது. 'அவர்' யார்? பழந்தமிழில் பன்மை. பலரைக் குறித்த சொல். மரியாதைக்காக ஒருவருக்குச் சொல்லிச் சொல்லி, இன்று அவர் என்றால் ஒருத்தர்தான். பலருக்கு 'அவர்கள்' என்று இன்னொரு பன்மையை ஒட்ட வேண்டியதாகிவிட்டது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இதற்கு நூற்பாவே இருக்கிறது: ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உயர்வாகச் சொல்வது, ஆனால் இலக்கண நெறி அல்ல என்று. வழக்கு என்றும் ஒப்புக்கொள்கிறார், இலக்கணம் இல்லை என்றும் கையை விரிக்கிறார். வினாத்தாள் தயாரிக்க ஏற்ற மனம்.

ஆங்கிலத்தின் யூ-வும் இதே கதைதான். ஒருமைக்குத் தௌ இருந்தது, மரியாதைக்கு யூ வந்து அதைத் துரத்திவிட்டது. அதனால்தான் ஒரே ஆள் முன்னால் நின்றாலும் 'யூ ஆர்'.

2024 பிப்ரவரி 10

நீண்ட நாளாயிற்று. அமெரிக்காவில் மேற்படிப்புக்கு ஜிமேட் எழுதப்போகும் ஒருவர் இந்த இழையைப் படித்துவிட்டுப் பயந்திருக்கிறார். பயப்படாதீர்கள். வாக்கியத் திருத்தக் கேள்விகள் இருந்த பழைய ஜிமேட் 2024 ஜனவரி 31-ஓடு முடிந்துவிட்டது. புதியதில் அந்தப் பகுதியே இல்லை.

ஆனால் அந்தப் பழைய கேள்விகள் ஒரு விஷயத்தில் நல்ல பயிற்சி: புரோனவுன் யாரைச் சுட்டுகிறது என்பதில். "ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் ஃபெயில்ட்." தோற்றது யார்? ஆங்கிலத்தால் சொல்ல முடியாது. தமிழால் முடியும். "தான் தோற்றுவிட்டதாக ரவி குமாரிடம் சொன்னான்" என்றால் ரவி. 'தான்' என்பதற்கு இணையான சொல் அங்கே இல்லை. இந்த ஒரு இடத்தில் தமிழ் நம்மைக் கவிழ்ப்பதில்லை, காப்பாற்றுகிறது. மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'தான்' போடுவதா 'அவன்' போடுவதா என்று தடுமாறினால் அந்த ஹி குழப்பமானது.

2024 பிப்ரவரி 11

இதோடு சேர்த்து ஒரு பழைய வழக்கு. 2002 அக்டோபரில் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வில் எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றி ஒரு வாக்கியம். "டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹெர்..." என்று தொடங்கும். பிழை இல்லை என்பது தேர்வு நடத்தியவர்களின் விடை. மேரிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் விடவில்லை. அங்கே பெயர்ச்சொல் ஜீனியஸ்தான், 'மாரிசன்ஸ்' என்பது உடைமையாக, பெயரடை மாதிரி நிற்கிறது, ஹெர் எப்படி அதைச் சுட்டும் என்று கேட்டார். மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. 2003-இல் அந்தக் கேள்வியையே நீக்கி மதிப்பெண்களைத் திருத்தினார்கள்.

அந்தப் பழைய விதியை நான் ஏற்கவில்லை. "மாலாவின் திறமை அவளை உயர்த்தியது" என்பதில் அவள் யார் என்று யாருக்காவது சந்தேகம் வருமா? ஆனாலும் அந்த ஆசிரியரின் மேல் எனக்குப் பொறாமை. என் 100 ரூபாய்!

2024 பிப்ரவரி 18

"இட்ஸ் பற்றி எழுதவில்லையே" என்கிறார்கள். தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது? உடைமைக்கும் இட்ஸ், இட் இஸ் என்பதற்கும் இட்ஸ். ஹூஸும் அப்படியே. நான் முதல் நாள் பீற்றிக்கொண்ட தமிழ் எழுத்து வழி இங்கே படுத்துவிட்டது. உடைமைக்கு மேலே கொம்பு (அபாஸ்ட்ரஃபி) கிடையாது, விரித்தால் இஸ் வருகிறதா பார்க்கவும். முடிந்தது.

2024 ஏப்ரல் 21

தம்பி திரும்ப வந்திருக்கிறார். மாதிரித் தேர்வில் புரோனவுன் ஐந்துக்கு ஐந்து. எனக்கே ஒரு சோதனை வைத்தார்: "இட் இஸ் ஐ ஹூ ஆம் டு பிளேம்." பிழை எங்கே?

20 விநாடிகூட எடுக்கவில்லை. ஹூ-வுக்குப் பின்னால் ஆமாவது, இஸ் வர வேண்டும் என்று எழுதி அனுப்பினேன், கொஞ்சம் மிதப்போடு.

2024 ஏப்ரல் 21, இரவு

பிழை இல்லாத வாக்கியம் அது. ஹூ இங்கே சுட்டுவது ஐ-யை, அதனால் ஆம்தான். நான் ஏன் இஸ் என்றேன் என்று சாப்பிடும்போது புரிந்தது. "தப்பு செய்தது நான்தான்." தமிழில் 'நான்' கடைசியில் வந்து உட்கார, வினை 'செய்தேன்' ஆகாமல் 'செய்தது' என்று அஃறிணையாகிவிடுகிறது. காது அந்த அதுவுக்கு ஒரு இஸ்ஸைத் தேடியிருக்கிறது.

தம்பிக்கு பதில் போட்டுவிட்டேன்: இட் இஸ் ஐ ஹூ ஆம் டு பிளேம். 0.50 கழித்துக்கொள்ளவும்.